மேஸ்திரியும் உப்புத்தண்ணியும்

ஆபீஸ்ல புதுசா யாராவது சேர்ந்தா ரெண்டாவது காபிக்குள்ள அந்தக் கேள்வி வந்துடும். "அப்பா என்ன பண்றார்?" நான் "பில்டிங் காண்ட்ராக்டர்"னு சொல்வேன். உடனே அவங்க மனசுல வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ், ஸ்கார்பியோ, பின்னாடி நாலு அடியாள்னு ஒரு தமிழ்ப்பட வில்லன் வந்து நிக்கிறது மூஞ்சியிலயே தெரியும். எங்கப்பாகிட்ட இருக்கிறது ஒரு டிவிஎஸ் எக்ஸெல். முன்னாடி மாட்டின பையில ஒரு தூக்குக்குண்டு, ஒரு ரசமட்டம், மடக்கி வச்ச நாற்பது பக்க நோட்டு. ஊர்ல எல்லாருக்கும் அவர் 'மேஸ்திரி', அவ்ளோதான்.

ஊர் மரக்காணம். ஈசிஆர்ல பாண்டிச்சேரி போறப்ப ரோட்டோரம் வெள்ளை வெள்ளையா குவிச்சு வச்சிருப்பாங்களே, கார்ல போறவங்க இறங்கி செல்ஃபி எடுப்பாங்களே, அதே உப்பளம்தான். தாத்தா உப்பளத்துல வேலை பார்த்தவர். அப்பா பதினாறு வயசுல அங்கேருந்து தப்பிச்சு சித்தாளா வந்து, பெரியாளாகி, கொத்தனாராகி, மேஸ்திரியானவர்.

நான் படிச்சது சிவில். அப்பாவோட ஆசை. கடைசி வருஷம் கேம்பஸுக்கு சாஃப்ட்வேர் கம்பெனி வந்துச்சு, கிளாஸ்ல பாதிப் பேர் அப்படியே அங்க போயிட்டோம். சிவில் படிச்சவன் ஜாவா எழுதறான், சிவில் படிக்காதவர் வீடு கட்டறார். தமிழ்நாட்டுல இது ஒண்ணும் அதிசயம் இல்லைங்கறதால மேல போவோம் :-)

எங்க டீம்ல ஒருத்தன் கலிபோர்னியாவுல ஆன்சைட்ல இருக்கான். வீட்டை இடிச்சுக் கட்ட அங்க ஒரு ஜெனரல் காண்ட்ராக்டரைப் பிடிச்சானாம். நாலு வருஷ வேலை அனுபவம், பரீட்சை, 'பி' வகுப்பு லைசென்ஸ் எல்லாம் இருந்தாத்தான் அந்த ஆள் கையெழுத்தே போட முடியுமாம். கேட்டதும் சிரிப்பு வந்துச்சு. எங்கப்பா செய்றதும் எழுத்துக்கு எழுத்து அதே வேலைதான், பேப்பர் மட்டும் கிடையாது. 2016-ல வந்த ரெரா சட்டம் பிளாட் போட்டு விக்கிறவங்களுக்கு. சொந்த மனையில வீடு கட்டிக்கிறவருக்கும் மேஸ்திரிக்கும் நடுவுல இருக்கிறது ஒரு வெத்தலை பாக்குத் தட்டும், அதுல வச்ச அட்வான்ஸும்தான்.

சரி, மேஸ்திரி அப்படி என்னதான் செய்றார்? செங்கல் வைக்கிறது அவர் இல்ல. கம்பி கட்டறது வேற ஆள், சென்ட்ரிங் வேற, கரண்டு வேற, பிளம்பர் வேற, ஆசாரி வேற, டைல்ஸ் வேற, பெயின்டர் வேற. இதுல பாதிப் பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்ல. பார்த்தாலும் பிடிக்காது. இவங்க எல்லாரும் யாருக்கு அப்புறம் யாருங்கற வரிசையில வந்து, முந்தினவன் வேலையைக் கெடுக்காம போகணும். அதுதான் மேஸ்திரி வேலை.

தளம் போடறதுக்கு முந்தின நாள் மாடியில ஏறிப் பாருங்க, புரியும். பலகையும் தகடும் அடிச்சு, கீழ சவுக்கு முட்டு குடுத்திருப்பாங்க (எங்க பக்கம் சவுக்குத் தோப்புக்குப் பஞ்சமே இல்ல). அதுமேல கம்பி. கம்பிக்கு நடுவுல எலக்ட்ரீசியன் பைப்பும் ஃபேன் பெட்டியும் வைக்கணும். கம்பி கட்டறதுக்கு முன்னாடி வந்தா அவருக்கு வேலை இல்ல. கட்டி முடிச்சு ரொம்ப நேரம் கழிச்சு வந்தா கம்பிமேல மிதிச்சு நடப்பார். மிதிச்சா அடியில இருக்கிற கவர் பிளாக் நகர்ந்துடும். கவர் பிளாக்குங்கறது கம்பி பலகையில ஒட்டாம இருக்கறதுக்கு வைக்கிற சின்ன கலவைக்கட்டி. அது நகர்ந்தா கம்பி பலகைமேல உட்கார்ந்துடும். பலகையைப் பிரிச்சதும் அந்தக் கம்பிக்கும் உப்புக்காத்துக்கும் நடுவுல ஒண்ணுமே இருக்காது. அதனால அப்பா தளம் போடற அன்னிக்கு விடியக்காலை அஞ்சு மணிக்கு டார்ச்சை எடுத்துட்டு மேல போய், குனிஞ்சு குனிஞ்சு ஒவ்வொரு சதுரமா பார்ப்பார். அவர் முதுகுவலிக்குப் பாதிக் காரணம் எலக்ட்ரீசியன்கள்.

இன்னொண்ணு அந்த லெவல் கோடு. செவுரு எழும்பினதும், பத்து மீட்டர் டியூப்ல தண்ணி ஊத்தி, ஒரு முனையை அவரும் இன்னொரு முனையை ஒரு பையனும் பிடிச்சுக்கிட்டு எல்லா ரூம்லயும் ஒரே உயரத்துல நூல் அடிச்சுக் கோடு போட்டுடுவார். அதுக்கப்புறம் வர்ற ஜன்னல், ஸ்விட்ச் பாக்ஸ், டைல்ஸ், கதவு எல்லாமே அந்தக் கோட்டிலேருந்துதான் அளக்கணும். கோடு போடாத வீட்டுல கடைசியில என்ன ஆகும் தெரியுமா? டைல்ஸ்காரர் தரையை அரை இஞ்ச் தூக்கிடுவார், கதவு இடிக்கும், ஆசாரி வந்து அடியில இழைச்சுக்கிட்டே டைல்ஸ்காரரோட பரம்பரையை விசாரிப்பார்.

காசு விஷயம் சுருக்கமா. அட்வான்ஸ், பேஸ்மட்டம், லிண்டல், தளம், பூச்சு, ஃபினிஷிங்னு தவணை தவணையா ஓனர் தருவார். ஆனா கூலி வாராவாரம் சனிக்கிழமை. ஓனரோட தவணைக்கும் சனிக்கிழமைக்கும் நடுவுல இருக்கிற பள்ளத்தை மேஸ்திரி கைக்காசு போட்டு நிரப்பணும். எங்கம்மா செயின் எத்தனை தடவை பேங்க் லாக்கருக்கும் கழுத்துக்கும் நடை நடந்திருக்குன்னு அதுக்கே தெரியாது. அரசாங்க வீடு கட்டறதும் இதே கதைதான். 2024-ல அறிவிச்ச கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துல வீட்டுக்கு மூணரை லட்சம். அதுவும் வேலை நடக்க நடக்க கட்டம் கட்டமா பயனாளி கணக்குல ஏறும். அதுவரைக்கும் சிமெண்ட் கடைக்காரரும் சித்தாளும் மேஸ்திரி முகத்தைத்தான் பார்ப்பாங்க. கடைசித் தவணை இருக்கே, அது பெரும்பாலும் கதை. பெயின்ட் திட்டுத்திட்டா இருக்கு, குழாய் சொட்டுதுன்னு சொல்லியே அது கரைஞ்சு போகும்.

இதெல்லாம் எந்த ஊர் மேஸ்திரிக்கும் உள்ளதுதான். மரக்காணத்துல கூடுதலா ஒரு எதிரி. உப்பு.

கடலோரக் கட்டடத்தைக் கெடுக்கிறது அலை இல்லைங்க, அலை அடிக்காத இடத்துலயும் இருக்கிற குளோரைடு. கான்கிரீட்டுக்குள்ள இருக்கிற காரத்தன்மையால கம்பிமேல மெல்லிசா ஒரு பாதுகாப்புப் படலம் உருவாகி, துருப்பிடிக்காம காப்பாத்தும். குளோரைடு உள்ள போய் அந்தப் படலத்தை உடைக்கும். துரு, இரும்பை விட ரெண்டுலேருந்து ஆறு மடங்கு இடத்தை அடைக்கும். உள்ளேருந்து வீங்கி, கான்கிரீட்டைத் தள்ளிப் பேத்து விட்டுடும். மொட்டைமாடிக்கு அடியில கம்பி எலும்பு மாதிரி தெரியற வீடுங்களைப் பார்த்திருப்பீங்க. 2004 சுனாமிக்கு அப்புறம் கரையோரம் பூராவும் அவசர அவசரமா கட்டின குடியிருப்புகள்ல இந்தக் காட்சி ரொம்பச் சாதாரணம்.

எங்க ஊர்லேருந்து கொஞ்சம் வடக்கே கடப்பாக்கத்துல ஆலம்பரைக் கோட்டை இருக்கு. 1760-ல இங்கிலீஷ்காரன் பிரெஞ்சுக்காரன்கிட்டேருந்து பிடிச்சு இடிச்சுப் போட்டது. இடிச்சது போக மிச்சம் இன்னமும் உப்புக்காத்துல நிக்குது. சுட்ட செங்கல், சுண்ணாம்பு. உள்ள கம்பி கிடையாது, அதனால துருப்பிடிக்க ஒண்ணும் இல்ல. "அந்தக் காலத்துக் கட்டடம் மாதிரி வருமா"ன்னு பெருமூச்சு விடறவங்க இதையும் கொஞ்சம் யோசிக்கணும். கம்பி இல்லாம நமக்கு வேணுங்கற மாதிரி தட்டை மாடி போட முடியாது.

செவுத்துல உப்பு பூக்கறதும் தனிக் கதை. தரைக்குள்ளேருந்து ஈரம் மேல ஏறுது. எங்க பக்கம் இதுக்கு ஓதம்னு பேரு. கடல் அலைக்கும் பழைய தமிழ்ல ஓதம்தான் பேருங்கறதை நினைச்சா எனக்கு எப்பவும் லேசா சிலிர்க்கும். ஏறின ஈரம் வெயில்ல காஞ்சு போகுது, அதுல கரைஞ்சிருந்த உப்பு பூச்சுக்கு அடியில படிகமாகி பெயின்ட்டை உதிர்க்குது. உப்புப் பாத்தியில நடக்கறதும் அதேதான். பாத்தி பாத்தியா மாத்தி, வெயில்ல வத்த வச்சு, கடைசிப் பாத்தியில பூக்க வைக்கிறாங்க. தாத்தா தரையில செஞ்சதைத்தான் வீடு செவுத்துல தானாவே செய்யுது. தளம் போட்ட மறுநாள் மாடியில கலவையால சின்னச் சின்ன வரப்பு கட்டி தண்ணி நிறுத்துவாங்க இல்லையா, அதுக்கும் இங்க பாத்தி கட்டறதுன்னுதான் பேரு. அப்பா அதை மத்த மேஸ்திரிங்க மாதிரி ஆள் விட்டுக் கட்ட மாட்டார். அவரே உட்கார்ந்து, மூலை சுத்தமா, தாத்தா கட்டற மாதிரியே கட்டுவார்.

இனிமே போன மாசி மாசத்துக்கு வர்றேன்.

ஈசிஆர் பக்கம் ஒரு வீடு, 900 சதுர அடி. ஓனர் சென்னை, பேர் வேண்டாம். மனையில போர் போட்டிருந்தார், உப்பளத்துக்கு ரொம்பக் கிட்ட. தளம் போடற அன்னிக்கு நான் லீவுல ஊர்ல இருந்தேன். காலைல ஆறரைக்கு மிக்சர் மெஷின், லிஃப்ட், கொத்தனார் ஆறு பேர், ஆம்பளை பொம்பளை ஆளுங்க பதினாறு பேர், எல்லாம் ரெடி. ஓனர் குடும்பத்தோட வந்து பூசணிக்காய் கூட உடைச்சாச்சு. தண்ணி லாரி வரல. லாரிக்காரர் ஃபோனை எடுக்கல.

எட்டு மணிக்கு ஓனர் பொறுமை போச்சு.

"மேஸ்திரி, போர்ல தண்ணி அருவி மாதிரி கொட்டுது. இதுலயே ஆரம்பிங்க."

அப்பா குழாயைத் திறந்து ஒரு கை பிடிச்சு வாயில விட்டு, துப்பினார். "வேணாம் சார். இது ஆகாது."

"பக்கத்துல கட்டறவங்க எல்லாம் இதேதான யூஸ் பண்றாங்க?"

"பண்றாங்க சார்."

"அப்புறம் என்ன?"

"நான் பண்றதில்ல சார்."

இந்த வாயில விட்டுப் பார்க்கிறதைப் பத்தி ஒண்ணு சொல்லணும். இதைப் பார்த்து முன்னாடி நானே சிரிச்சிருக்கேன். ஆனா உலக சுகாதார நிறுவனத்தோட குடிநீர்க் கையேட்டுல, குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினா ருசியில தெரிய ஆரம்பிக்கும்னு இருக்கு. நம்ம ஐஎஸ் 456, கம்பி போட்ட கான்கிரீட்டுல கலக்கற தண்ணிக்கு வச்சிருக்கிற எல்லை 500. அதாவது நாக்கு கோடை விட முன்னாடியே மணியடிச்சுடுது. கடல்தண்ணியில குளோரைடு லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம். முப்பத்தெட்டு குடத்துல ஒரே ஒரு குடம் கடல்தண்ணியா இருந்தாலே 500-ஐத் தொட்டுடும். நான் வாங்கிக் குடுத்த டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு அவர் பையில இருக்கு. அதை ஓனர்களுக்குக் காட்டத்தான் எடுப்பார். முடிவு எடுக்கிறது நாக்குதான்.

ஒன்பதரை ஆச்சு. மெஷின் ஒரு தடவைக்கு ஒரு மூட்டை கலக்கும். எப்படியும் நூறு மூட்டைக்கு மேல போகும். பாதியில நிறுத்தினா அந்த இடத்துல பழசும் புதுசும் ஒட்டாம காலத்துக்கும் ஒழுகும், அதனால ஆரம்பிச்சா முடிக்கணும். இனிமே லாரி வந்தாலும் ராத்திரி ஆயிடும். அப்பா நோட்டை எடுத்தார். எல்லாருக்கும் அரைக் கூலி. கொத்தனாருக்கு ஐநூறு, ஆளுங்களுக்கு முன்னூத்தம்பது, மெஷின், லிஃப்ட் வாடகை ஆறாயிரம். மொத்தம் 14,600. டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வச்சுட்டார். ஓனர் பொண்டாட்டி பிள்ளைங்க முன்னாடி கார்க் கதவை அடிச்சு சாத்திட்டுக் கிளம்பினார்.

நான் போர் தண்ணியை ஒரு பாட்டில்ல பிடிச்சு பாண்டியில ஒரு லேப்ல குடுத்தேன். 2,900 வந்துச்சு. கான்கிரீட்டுக்கு ஒரு கன மீட்டருக்குச் சுமாரா 180 லிட்டர் தண்ணி. அப்போ தண்ணி மூலமாவே 522 கிராம் குளோரைடு. கம்பி போட்ட கான்கிரீட்டுல சிமெண்ட், மணல், ஜல்லி, தண்ணி எல்லாம் சேர்த்து மொத்தமா அனுமதிக்கிறதே 600 கிராம்தான். பிறந்த அன்னிக்கே அந்தத் தளம் கோட்டை முக்கால்வாசிக்கு மேல தின்னுட்டு நிக்கும். அதுக்கப்புறம் காத்து வேற தினமும் ஊட்டும். ரிப்போர்ட்டை ஓனருக்கு வாட்ஸப் பண்ணேன். ரெண்டு நீல டிக் வந்துச்சு. அவ்ளோதான்.

ரெண்டு நாள் கழிச்சு லாரித் தண்ணியிலயே தளம் போட்டு, பாத்தி கட்டி, அதுக்கும் லாரித் தண்ணியே விட்டார். வீடும் முடிஞ்சுது. கடைசி பில்லுல "முகூர்த்தம் தவறியது, தாமதம்"னு சொல்லி ஓனர் நாற்பதாயிரம் பிடிச்சுக்கிட்டார். நான் எகிறினேன். வக்கீல் நோட்டீஸ் விடலாம், முதல்லயே எழுத்துல போட்டுக்கணும், எந்தத் தண்ணின்னு ஒரு வரி எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தா இந்தப் பேச்சே வராதுன்னேன். (இப்பவும் அதைத்தான் சொல்றேன்.)

அப்பா, "எழுதிக்கலாம்டா, எழுதிக்கலாம். வண்டியை எடு"ன்னார்.

கூட்டிட்டுப் போனது கழுவேலிப் பக்கம் ஒரு வீட்டுக்கு. இப்ப கழுவேலி பறவைகள் சரணாலயம், 2024-ல ராம்சர் பட்டியல்லயும் வந்தாச்சு, பூநாரை பார்க்க கேமராவோட வர்றாங்க. அந்த வீடு 1998-ல அப்பா மேஸ்திரியா எடுத்த முதல் முழு வேலை. அன்னிக்கும் ஓனர் போர் தண்ணியிலயே போடச் சொல்லியிருக்கார். முதல் வேலை, கல்யாணமாகி ஒரு வருஷம், எதிர்த்துப் பேசற தைரியம் இல்ல. போட்டுட்டார்.

பத்து வருஷம் ஒண்ணும் தெரியலையாம். அப்புறம் அடியில கம்பி ஓடற வழியிலயே கோடு கோடா விரிசல். 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சப்ப ஹால்ல ஒரு துண்டு விழுந்திருக்கு, ஆள் இல்லாத நேரம். அந்த ஓனர் இறந்துட்டார். அவர் சம்சாரம் மட்டும் இருக்காங்க, எழுபதுக்கு மேல. அப்பாவை இன்னமும் "மேஸ்திரி தம்பி"ன்னுதான் கூப்பிடறாங்க. வருஷா வருஷம் ஆடியில, மழைக்கு முன்னாடி, அப்பா அங்க போய் பொரிஞ்சதைக் கொத்தி எடுத்து, கம்பியை பிரஷ் போட்டுத் தேச்சு, சிமெண்ட் பால் அடிச்சு, கலவை வச்சு அடைச்சுட்டு வர்றார். கூலி வாங்கறதில்ல. நிவர் 2020-ல எங்க ஊர்கிட்டயே கரையேறின ராத்திரி, அம்மாவையும் என்னையும் கூடத்துல விட்டுட்டு அந்த ஆயாவைக் கூட்டிட்டு வரப் போனவர். ஏன்னு எனக்கு அன்னிக்குத் தெரியாது.

"இங்க அடைச்சா அங்க பொரியுதுடா. எத்தனை வருஷமா பாக்கறேன், அடைச்ச எடம் நல்லாதான் இருக்கு, அதுக்குப் பக்கத்துல ஒரு ஜான் தள்ளி போயிடுது"ன்னார்.

அது அப்படித்தான் ஆகும். பழைய கான்கிரீட் பூரா குளோரைடு. இதுவரைக்கும் துருப்பிடிச்ச இடமே பக்கத்துக் கம்பியையும் ஒரு வகையில காப்பாத்திக்கிட்டு இருக்கும். அதைச் சுத்தம் பண்ணி நல்ல கலவை வச்சு அடைச்சதும் அந்தக் காவல் போயிடும், விளிம்புல புதுசா துரு ஆரம்பிக்கும். இதை எங்க புத்தகத்துல ஒரு பாராவுல படிச்சு ரெண்டு மார்க்குக்கு எழுதினேன். அவர் அதையே பத்துப் பன்னெண்டு ஆடி மாசமா ஏணிமேல நின்னு பார்த்திருக்கார். விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருந்தார். "அப்போ நான் அடைக்க அடைக்க வேகமா போயிருக்கு, அப்படித்தான?"

அப்படி முழுசா சொல்ல முடியாது, அடைக்காம விட்டிருந்தா எப்பவோ தலைமேல விழுந்திருக்கும்னேன். அதுவும் உண்மைதான். ஆனா இனி அடைக்கிறதுல அர்த்தமில்ல, ஹால் தளத்தை இடிச்சுட்டுப் புதுசாத்தான் போடணும். செவுரு தாங்கும். கம்பி பெருசா ஆகாது, சின்ன ஹால். அந்த நாற்பதாயிரம் வந்திருந்தா போன சித்திரையிலயே ஆரம்பிச்சிருப்பாராம். வண்டியில வர்றப்பதான் அதைச் சொன்னார், காத்துல பாதி கேட்கல.

சிமெண்ட்டும் கம்பியும் என் செலவுன்னு சொல்லியிருக்கேன். கம்பிக்கு 45 மில்லிமீட்டர் கவர், ஐஎஸ் 456 கடலோரத்துக்குச் சொல்ற மாதிரி. அவர் வழக்கமா வைக்கிறது 25. ஊர்ல நான் பார்த்த தளங்கள்ல 20 இருந்தாலே பெருசு. "தளம் கனமாயிடும்டா"ன்னு ஒரு வாரம் சண்டை, கடைசியில ஸ்லாக் சிமெண்ட், அரை இஞ்ச் கூடுதல் கனம்னு முடிவாச்சு. கவர் பிளாக் அவரே வார்த்து வீட்டுத் திண்ணையில வரிசையா தண்ணியில ஊற வச்சிருக்கார். சென்ட்ரிங் பசங்க தை பொறந்ததும் வர்றோம்னு சொல்லியிருக்காங்க. தண்ணி லாரிக்கு ரெண்டு பேர்கிட்ட சொல்லி வச்சாச்சு, ஒருத்தர் ஏமாத்தினா இன்னொருத்தர்.

அதுவரைக்கும் ஹால் நடுவுல நாலு சவுக்கு முட்டு குடுத்து நிறுத்தியிருக்கோம். போன ஞாயித்துக்கிழமை போய் ஆப்பு எல்லாம் இறுக்கமா இருக்கான்னு பார்த்துட்டு வந்தேன். ஆயா ஒரு முட்டுல ஆணியடிச்சு மாத்திரைப் பையை மாட்டியிருந்தாங்க. "நல்லா வசதியா இருக்குப்பா, வேலை முடிஞ்சதும் இதை மட்டும் எடுத்துடாதீங்க"ன்னாங்க.